20 மில்லிமீட்டர் துளைக்கு ஒரு லேசர் ஸ்கேனர்: பெரிய கண்ணாடிகளோடு கால்வோ கட்டும் முறை

கால்வோ என்பது சிறு கண்ணாடியை வேகமாக முன்னும் பின்னும் திருப்பி லேசர் கற்றையை அசைக்கும் மோட்டார். லேசர் ஷோவுக்கு விற்கும் சாதாரண கால்வோ ஸ்கேனர்களில் கண்ணாடியின் அகலம் பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். மூன்று, நான்கு மில்லிமீட்டர் கற்றைக்கு அது போதும். அதற்கு மேல் தடித்த கற்றையை அனுப்பினால் விளிம்பு வெட்டுப்படும், வெட்டுப்பட்ட ஒளி ஸ்கேனரின் உடம்பில் பட்டு எங்கெங்கோ தெறிக்கும். அப்போது பெரிய கண்ணாடி பூட்டிய ஸ்கேனரைக் கட்ட வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த வேலையைக் கணக்கு முதல் கடைசிச் சோதனை வரை சொல்கிறது. எடுத்துக்காட்டு முழுக்க ஒரே கருவிதான்: 20 மி.மீ. துளை (வெட்டுப்படாமல் நுழையக்கூடிய கற்றையின் அதிகபட்ச அகலம்), இரண்டு அச்சு, 532 நானோமீட்டர் பச்சை லேசர், கண்ணாடியின் இயந்திர அசைவு ±10 பாகை. கண்ணாடி ஒரு பாகை திரும்பினால் ஒளி இரண்டு பாகை திரும்பும். ஆகவே திரையில் கிடைப்பது ±20 பாகை.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் மோட்டாரை வாங்கிவிட்டு, அதில் எவ்வளவு பெரிய கண்ணாடி ஒட்டலாம் என்று யோசிக்கிறார்கள். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். கற்றை, கண்ணாடி, மோட்டார், மோட்டாரை ஓட்டும் மின்சுற்றான ட்ரைவர் என்ற வரிசையில்தான் கணக்கு ஓடும்.

பெரிய துளை எதற்கு

எந்த லேசர் கற்றையும் விரிந்துகொண்டே போகும். எவ்வளவு மெல்லிய கற்றையோ அவ்வளவு வேகமாக விரியும். 2.2 மி.மீ. விட்டமுள்ள பச்சைக் கற்றை குறையே இல்லாததாக இருந்தாலும் முழுக் கோணத்தில் சுமார் 0.31 மில்லிரேடியன் விரியும். 500 மீட்டர் தள்ளி அது 15 சென்டிமீட்டர் வட்டம். அதே கற்றையை ஆறு மடங்கு பெருக்கி 13.2 மி.மீ. ஆக்கினால் விரிவு 0.05 மில்லிரேடியனாகக் குறைகிறது, 500 மீட்டரில் மூன்று சென்டிமீட்டருக்குள் அடங்குகிறது. தூரத்துக் கட்டடத்தில் கோடு கூர்மையாக விழ வேண்டுமானால் வேறு வழியே கிடையாது.

லென்ஸால் குவிக்கும் வேலையிலும் இதே நியாயம்தான்: துளை இரட்டித்தால் குவிபுள்ளி பாதியாகும். தொலைவு அளக்கும் லிடாரில் திரும்பி வரும் ஒளியை அதே கண்ணாடி வழியாக வாங்கினால், 5 மி.மீ. துளையைவிட 20 மி.மீ. துளை 16 மடங்கு ஒளியைப் பிடிக்கும்.

துளையையும் கற்றையையும் சமமாக வைத்துவிடாதீர்கள். லேசர் கற்றைக்குக் கூர்மையான ஓரம் கிடையாது. விட்டம் என்று தாளில் போட்டிருப்பது, ஒளிச்செறிவு மையத்தைவிட 13.5 சதவீதமாக இறங்கும் இடத்தை வைத்துத்தான். அதே அளவுத் துளையில் விட்டால் 13.5 சதவீத ஒளி விளிம்பிலேயே போய்விடும், திரையில் வளையங்களும் தெரியும். துளை ஒன்றரை மடங்கு இருந்தால் இழப்பு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். நம் 20 மி.மீ. துளைக்கு 13.2 மி.மீ. கற்றை வந்தது இந்தக் கணக்கில்.

கண்ணாடியின் அளவைக் கணக்கிடுதல்

முதல் கண்ணாடியை எக்ஸ் என்றும் இரண்டாவதை ஒய் என்றும் சொல்வோம். கற்றை சாய்வாக விழுவதால் அச்சுக்குக் குறுக்கான அகலம், துளையைப் படுகோணத்தின் கொசைனால் வகுத்தால் வரும். 45 பாகையில் வைத்து ±10 பாகை அசைத்தால் அதிகபட்சப் படுகோணம் 55 பாகை. 20 ÷ 0.574 = 34.9 மி.மீ. இரண்டு மி.மீ. ஓரம் விட்டு 37 மி.மீ. அச்சின் நீளவாக்கில் எக்ஸ் கண்ணாடிக்கு 22 மி.மீ. போதும்.

ஒய் கண்ணாடிக்கு அச்சு நீளவாக்கில் அதிகம் தேவை. எக்ஸ் விசிறிவிடும் கற்றை அதன்மேல் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு அச்சுகளுக்கும் இடையே 30 மி.மீ. என்றால் ±20 பாகை விசிறல் 21.8 மி.மீ. நகரும். சாய்ந்து விழும் கற்றையின் அகலம் 21.3 மி.மீ. இரண்டும் சேர்ந்து 43.1, ஓரத்தோடு 45 மி.மீ. ஆக ஒய் கண்ணாடி 45 × 37 மி.மீ.

30 மி.மீ. இடைவெளி கண்ணாடிகள் முட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டிய குறைந்தபட்சம். முழு அசைவில் ஒவ்வொரு கண்ணாடியின் விளிம்பும் மற்றதை நோக்கி 15 மி.மீ. வரை வரக்கூடும். இதைத் தாளில் நம்பாமல், தடித்த அட்டையில் இரு கண்ணாடிகளையும் அதே அளவில் வெட்டிக் கம்பியில் கோத்து எல்லா மூலைகளுக்கும் திருப்பிப் பாருங்கள். பத்து நிமிட வேலை. கண்ணாடி முட்டி உடைந்தால் அதோடு மோட்டாரின் தாங்கியும் போகும்.

அடுத்துச் சொல்வதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமானது. சுழலும் பொருளை அசைக்க எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதைச் சொல்வது நிலைமத் திருப்புத்திறன். பேச்சில் எல்லோரும் இனர்ஷியா என்றே சொல்வதால் இங்கும் அப்படியே. தட்டையான செவ்வகக் கண்ணாடிக்கு எடையை அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கி 12-ஆல் வகுக்க வேண்டும். அந்த எடையே அகலத்தோடு கூடுவது. ஆகவே இனர்ஷியா, அச்சுக்குக் குறுக்கான அகலத்தின் மும்மடியாக ஏறுகிறது. அச்சு நீளவாக்கில் கூட்டினாலோ நேர்விகிதத்தில்தான் ஏறும். குறுக்கே ஒரு மில்லிமீட்டர் மிச்சம் பிடிக்க முடிந்தால் பிடித்துவிடுங்கள்.

பிடிக்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, எக்ஸ் கண்ணாடியின் நடுப் படுகோணத்தை 45-இலிருந்து 30 பாகையாகக் குறைப்பது. அப்போது அதிகபட்சம் 40 பாகை, தேவைப்படும் அகலம் 26.1, ஓரத்தோடு 28 மி.மீ. 2 மி.மீ. தடிமன் ஃபியூஸ்டு சிலிக்காவில் (தூய சிலிக்காவை உருக்கிச் செய்த கண்ணாடி) 37 மி.மீ. அகலத்துக்கு இனர்ஷியா 4.1 கிராம்·செ.மீ². 28 மி.மீ. அகலத்துக்கு 1.8 தான். பாதிக்கும் கீழே. லேசரை உள்ளே அனுப்பும் கோணத்தை மாற்றியதற்குக் கிடைத்த பலன் இது, செலவு எதுவும் இல்லை. ஒய் கண்ணாடிக்கு இந்த உத்தியைப் பயன்படுத்தாதீர்கள். அங்கே படுகோணத்தைக் குறைத்தால் வெளியேறும் கற்றை ஒரு பக்கக் கடைசியில் எக்ஸ் கண்ணாடியின் முதுகை உரசிக்கொண்டு போகும். 45 பாகையிலேயே இருக்கட்டும்.

இரண்டாவது வழி மூலைகளை வெட்டுவது. ஒய் கண்ணாடியில் ஒளி விழும் இடம் முனைகள் உருண்ட நீள்வடிவம். மூலைகளுக்கு வேலையே இல்லை. ஒவ்வொரு மூலையிலும் அச்சு நீளவாக்கில் 6, குறுக்கே 10 மி.மீ. முக்கோணத்தை எடுத்துவிட்டால் எடை 7 சதவீதம் குறையும், இனர்ஷியாவோ 15 சதவீதம் குறையும். 3 மி.மீ. தடிமனில் 12.6 இருந்தது 10.7 கிராம்·செ.மீ² ஆகும்.

எந்தக் கண்ணாடி

முன்புறப் பூச்சுக் கண்ணாடி மட்டுமே. முகம் பார்க்கும் கண்ணாடியில் பூச்சு பின்புறம் இருப்பதால், முன் பரப்பிலிருந்து நான்கு சதவீதம் தனியாகத் திரும்பி, திரையில் ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் மங்கலாக இன்னொரு கோடு போடும்.

பழைய ரியர் புரொஜெக்ஷன் டிவிகளில் கழற்றிய முன்புறப் பூச்சுக் கண்ணாடி மலிவாகக் கிடைக்கும். பழகிப் பார்க்க அது நல்லது. ஆனால் அது ஜன்னலுக்குப் போடும் மிதவைக் கண்ணாடி வகை. ஓர் அங்குலத்துக்குள்ளேயே பல அலைநீள அளவு மேடுபள்ளம் இருக்கும். கற்றை பெரிதாகப் பெரிதாக அந்த மேடுபள்ளத்தின் அதிகப் பகுதியை அது தொடுகிறது. விரிவைக் குறைக்கத்தான் பெரிய துளைக்குப் போனோம், வளைந்த கண்ணாடி அந்த லாபத்தை அப்படியே தின்றுவிடும். மெருகிட்ட கண்ணாடியில், மேடுபள்ளம் 633 நானோமீட்டர் அலைநீளத்தில் கால் பங்கு (கால் அலை) அல்லது அதைவிடக் குறைவாக உள்ளதாக எடுங்கள். பரப்பில் உள்ள பிழை எதிரொளிப்பில் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பதை மறக்க வேண்டாம்.

பொருளைப் பொறுத்தவரை ஃபியூஸ்டு சிலிக்கா தொடங்குபவர்களுக்கு ஏற்றது. சிலிக்கான் அதைவிடச் சற்றே கனம், ஆனால் ஏறக்குறைய இரு மடங்கு விறைப்பு. எனவே ஒய் கண்ணாடியை 2 மி.மீ. தடிமனில் செய்து இனர்ஷியாவை 7.6-க்கு இறக்கலாம். கைக்கு எட்டினால் சிலிக்கானே என் தேர்வு. சிலிக்கான் கார்பைடு இன்னும் சிறந்தது, விலைதான் தடை. பெரிலியம் கண்ணாடி பழைய கருவிகளில் கிடைத்தால் அதை அறுக்கவோ தேய்க்கவோ கூடாது. அதன் தூள் நுரையீரலைத் திரும்ப முடியாதபடி கெடுக்கும்.

தடிமனைக் குறைத்தால் இனர்ஷியா குறையும் என்று கண்ணாடியை ஒரு மி.மீ. ஆக்கிவிடாதீர்கள். வேகமாகத் திரும்பும்போது மெல்லிய கண்ணாடியின் ஓரங்கள் பின்தங்கி வளையும். நின்ற நிலையில் வட்டமாக இருக்கும் புள்ளி, அசையும்போது மட்டும் முட்டை வடிவமானால் காரணம் இதுதான்.

பூச்சில் பாதுகாப்பு அலுமினியம் 90 சதவீதத்துக்கு அருகில் எதிரொளிக்கும். இரண்டு கண்ணாடிக்குப் பிறகு மிஞ்சுவது 81. வெள்ளி 97-க்கு மேல். மின்காப்பு அடுக்குப் பூச்சு 99.5-ஐத் தாண்டும், ஆனால் அது குறிப்பிட்ட அலைநீளத்துக்கும் கோணத்துக்கும் செய்யப்படுவது. எக்ஸ் கண்ணாடிக்கு 20 முதல் 40, ஒய்க்கு 35 முதல் 55 பாகை என்று வரம்பாகவே கேட்டு வாங்குங்கள். வெறுமனே 45 பாகைக்கான பூச்சில், அசைவின் கடைசியில் வெளிச்சம் குறைவது சில நேரம் கண்ணுக்கே தெரியும்.

மோட்டார், கணக்கோடு

நகரும் காந்த வகை, மூடிய சுற்றுக் கால்வோதான் வேண்டும். கோணத்தை அளந்து திருப்பிச் சொல்லும் உணரி அதற்குள்ளேயே இருக்கும். கேம்பிரிட்ஜ் டெக்னாலஜி, ஸ்கேன்லேப் போன்றவர்கள் 20, 30 மி.மீ. துளைக்கான கருவிகளை விற்கிறார்கள். மோட்டாரின் தரவுத்தாளில் நான்கு எண்களைத் தேடுங்கள்: ரோட்டரின் (மோட்டாருக்குள் சுழலும் பகுதியின்) இனர்ஷியா, ஒரு ஆம்பியருக்கான திருப்பு விசை, சுருளின் மின்தடை, உச்ச மின்னோட்டம்.

ஒய் அச்சுக்கு ரோட்டர் 2.4 கிராம்·செ.மீ², திருப்பு விசை ஆம்பியருக்கு 0.02 நியூட்டன் மீட்டர், சுருள் 1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடி 10.7, பிடிப்பான் 0.4 சேர்த்து மொத்தம் 13.5. 5 ஆம்பியர் உச்சத்தில் 0.1 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். அதை வைத்து ஒரு பாகை தாண்ட ஏறக்குறைய ஒரு மில்லிவினாடி ஆகும். அமைந்து நிற்கும் நேரம் தனி.

±10 பாகையில் சைன் அலையாக ஓட்டினால் 50 ஹெர்ட்ஸில் உச்ச மின்னோட்டம் 1.2 ஆம்பியருக்குள், சுருளில் வெப்பம் 0.7 வாட். அதே அசைவை 100 ஹெர்ட்ஸில் ஓட்டினால் 4.7 ஆம்பியர், 11 வாட். வேகம் இரட்டித்தால் வெப்பம் 16 மடங்கு. 50-இல் குளிர்ச்சியாக ஓடுகிறதே என்று 100-க்குத் தள்ளும்போதுதான் மோட்டார்கள் கருகுகின்றன. ஓட்டப்போகும் வேகத்தில் வெப்பத்தைக் கணக்கிட்டு, மோட்டாரின் வரம்போடு ஒப்பிட்ட பிறகே வாங்குங்கள்.

கண்ணாடியின் இனர்ஷியா ரோட்டரைப் போல ஒரு மடங்கு இருந்தால் மோட்டார் மிகத் துள்ளலாக ஓடும். ஐந்து மடங்கு வரை பொறுமையிருந்தால் சமாளிக்கலாம். நம் ஒய் 4.5-இல் நிற்கிறது. அதற்கு மேல் போனால் ட்யூனிங் பெரும் தலைவலி, அடுத்த பெரிய மோட்டாருக்குப் போவதே மேல். எக்ஸ் கண்ணாடி இலகுவானதால், கோடுகளை வேகமாக இழுக்கும் அச்சாக எக்ஸை வைத்துக்கொள்ளுங்கள்.

லேசர் ஷோ உலகில் ஸ்கேனரின் வேகத்தை, இல்டா எனும் சர்வதேச லேசர் காட்சிச் சங்கத்தின் சோதனைப் படத்தை 8 பாகை ஒளிக்கோணத்தில் வினாடிக்கு 30 ஆயிரம் புள்ளிகளில் வரைவதை வைத்துச் சொல்வார்கள். 20 மி.மீ. கண்ணாடி அந்த வேகத்துக்கு வராது. நுணுக்கமான கார்ட்டூனோ சிறிய எழுத்தோ இதன் வேலையல்ல. பெரிய கோட்டுருவம், ஒளித்தளம், மெதுவான வரிவருடல் இவற்றுக்குத்தான் இது.

கூட்டிச் சேர்த்தல்

கையில் இருக்க வேண்டியவை: கால்வோ மோட்டார் 2, அதனதன் ட்ரைவர் போர்டு 2, ±24 வோல்ட் மின்வழங்கி, மோட்டார் தாங்கும் அலுமினியக் கட்டை, டைட்டானியம் அல்லது இன்வார் (சூட்டில் மிகக் குறைவாக விரியும் இரும்பு-நிக்கல் கலவை) கண்ணாடிப் பிடிப்பான் 2, மெதுவாக இறுகும் இருபகுதி எபாக்சி, −25 மி.மீ. மற்றும் +150 மி.மீ. லென்ஸ், 5 மில்லிவாட்டுக்குக் குறைந்த சீரமைப்பு லேசர், இரு தட ஆசிலோஸ்கோப், அலை உற்பத்திக் கருவி, 532 நானோமீட்டருக்கான, கண்ணில் போடும் பாதுகாப்புக் கண்ணாடி.

முதலில் கட்டை. மோட்டாரின் வெப்பம் இதன் வழியாகத்தான் வெளியேறும். ஆகவே துளை நன்றாகப் பொருந்தி, பிளவு வைத்து ஒரு திருகால் இறுக்குவதாக இருக்கட்டும். இறுக்கும்போது விரலால் தண்டை மெல்லச் சுழற்றிக்கொண்டே இருங்கள். மோட்டாரின் உடல் மெல்லியது, கூடுதலாக இறுக்கினால் உள்ளே தாங்கி பிடிக்கும். சுழற்சியில் சிறு கரகரப்பு தட்டுப்பட்டதும் கால் திருப்பு தளர்த்துங்கள்.

அடுத்து கண்ணாடியை ஒட்டுவது. பிடிப்பானில் 3.1 மி.மீ. பிளவு வெட்டி, 3 மி.மீ. கண்ணாடியை அதில் நுழைத்து ஒட்ட வேண்டும். அப்போது கண்ணாடியின் நடு அச்சிலேயே அமரும். தண்டின் பக்கவாட்டில் தட்டையாக ஒட்டினால் எடை ஒரு பக்கம் தொங்கி, ஒவ்வொரு அசைவிலும் தாங்கியைக் குலுக்கும். பிளவுக்குள் 6 முதல் 8 மி.மீ. வரை மட்டும் கண்ணாடி இருந்தால் போதும். அலுமினியம் சூட்டில் ஃபியூஸ்டு சிலிக்காவைவிட நாற்பது மடங்குக்கு மேல் விரியும். பிடிப்பான் அலுமினியமாக இருந்து ஒட்டும் நீளமும் அதிகமானால், மோட்டார் சூடானதும் கண்ணாடி வளையும்.

எபாக்சி மிகக் குறைவாக. இரண்டு பக்கமும் மெல்லிய படலமாக நின்றால் போதும். வெளியே பிதுங்கியது இறுகும்போது சுருங்கிக் கண்ணாடியை இழுக்கும். ஒரு நாள் முழுக்க அசையாமல் விடுங்கள். சயனோஅக்ரிலேட் உடனடிப் பசையை இங்கே தொடவே கூடாது: அதன் ஆவி பூச்சின்மேல் வெள்ளையாகப் படிந்துவிடும். சிலிகான் பசை மென்மையாகவே இருப்பதால் கண்ணாடி தண்டோடு ஒன்றாகத் திரும்பாது.

இறுகியதும் சமநிலை பாருங்கள். பிடிப்பானைத் தண்டில் தற்காலிகமாகப் பூட்டி, மின்சாரம் இல்லாமல், மோட்டாரைக் கிடைமட்டமாகப் பிடித்துக் கண்ணாடியை வெவ்வேறு கோணத்தில் விட்டுப் பாருங்கள். விட்ட இடத்தில் நின்றால் சரி. எப்போதும் ஒரே ஓரம் கீழே இறங்கினால் அந்தப் பக்கம் கனம். எதிர்ப் பக்கத்தின் பின்புறத்தில், அச்சுக்கு அருகில், பிடிப்பான்மேல் ஒரு துளி எபாக்சி வைத்து மறுபடி பாருங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டால் பின்னால் ட்யூனிங்கில் புரியாத அதிர்வாக அது வந்து நிற்கும்.

பிடிப்பானைத் தண்டில் நிலையாகப் பூட்டுவதற்கு முன் ட்ரைவருக்கு மின்சாரம் கொடுத்து, உள்ளீட்டைச் சுழியத்தில் வைத்து, தண்டு நடுநிலைக்கு வரட்டும். அந்த நிலையில் கண்ணாடியை வேண்டிய கோணத்தில் வைத்து, மின்சாரத்தை அணைத்து, தண்டு நகராதபடி பிடிப்பானையே கையில் பிடித்துக்கொண்டு திருகை இறுக்குங்கள். தண்டை நீளவாக்கில் அழுத்தாதீர்கள், இடுக்கியால் தட்டாதீர்கள். பின் முனையில் கோண உணரி இருக்கிறது.

மின்வழங்கி

இரண்டு தனித்தனி 24 வோல்ட் வழங்கிகளைத் தொடராக இணைத்து ±24 செய்வது வழக்கம். இரண்டின் வெளியீடும் தரையிலிருந்து பிரிந்தவையாக இருக்க வேண்டும். ஒன்று முன்னே, ஒன்று பின்னே உயிர் பெற்றால் அந்த இடைவெளியில் ட்ரைவர் கண்ணாடியை ஒரு பக்கத் தடுப்பில் முழு விசையோடு மோத வைக்கலாம். சிறிய கண்ணாடிக்கு அது ஒரு ‘டக்’ சத்தம். 10 கிராம் கண்ணாடிக்கு எபாக்சி விட்டுப்போகும் அடி. இரு வழங்கியையும் ஒரே சுவிட்சில் போடுங்கள், ட்ரைவரில் தொடக்கத் தாமதம் இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். மோட்டார் கம்பியில் கையேடு சொல்லும் மதிப்பில் ஃபியூஸ் கட்டாயம். தரைக் கம்பிகள் எல்லாம் ஒரே புள்ளியில் சேரட்டும்.

ட்யூனிங்

பெரும்பாலான போர்டுகளில் மூன்று திருகுகள் முக்கியம்: சர்வோ கெயின் (கோணப் பிழையை எவ்வளவு வலுவாகத் திருத்துவது என்பது), தாழ் அதிர்வெண் தணிப்பு, உயர் அதிர்வெண் தணிப்பு. சின்னக் கண்ணாடிக்கு ட்யூன் செய்த போர்டில் பெரிய கண்ணாடியை மாட்டி அப்படியே மின்சாரம் கொடுத்தால் அது கிறீச்சிட்டு அலறும். சில வினாடிகளில் சுருள் கருகும். ஆகவே முதல் தடவை கெயினை முழுக்கக் குறைத்து, கை சுவிட்சிலேயே இருக்கட்டும். விசில் சத்தம் கேட்டதும் அணைத்துவிடுங்கள், யோசிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

லேசர் அணைந்தே இருக்கட்டும். 30 ஹெர்ட்ஸ் சதுர அலையை முழு அளவில் 5 சதவீதத்துக்குக் கொடுங்கள். ஆசிலோஸ்கோப்பின் ஒரு தடத்தில் உள்ளீடு, மற்றதில் கோண உணரியின் வெளியீடு. கெயினைக் கொஞ்சம் ஏற்றியதும் கண்ணாடி எல்லை தாண்டிப்போய் ஊஞ்சலாடித் திரும்பும். தாழ் தணிப்பை ஏற்றி அந்த ஆட்டத்தை அடக்குங்கள். மறுபடி கெயின், மறுபடி தணிப்பு. இப்படிச் சிறு சிறு படியாக ஏறுங்கள். மூலை கொஞ்சம் உருண்டு, தாண்டாமல் நிற்கும் அலைவடிவம் வந்தால் நிறுத்துங்கள். வேகத்துக்கு ஆசைப்பட்டுக் கூர்மையான மூலையைத் தேடினால், அறை வெப்பம் மாறும் நாளில் அது அதிர ஆரம்பிக்கும்.

சதுர அலையின் பெரிய தாவலோடு மெல்லிய நடுக்கம் ஒட்டிக்கொண்டு வந்தால் அது ஒத்ததிர்வு. கண்ணாடியும் தண்டும் முறுக்கிக்கொள்ளும் அதிர்வெண் கண்ணாடி பெரிதாகப் பெரிதாகக் கீழே இறங்கி, சர்வோ வேலை செய்யும் பகுதிக்கே வந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி: கெயினைத் தாழ்வாக வைத்து, பிடிப்பானின் ஓரத்தைப் பல்குத்தும் குச்சியால் மெல்லத் தட்டி, ஆசிலோஸ்கோப்பில் வரும் சிணுங்கலின் அதிர்வெண்ணை அளப்பது. போர்டில் நாட்ச் வடிகட்டி (ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் வெட்டுவது) இருந்தால் அந்த எண்ணில் அமையுங்கள். இல்லையென்றால் உயர் தணிப்பைக் கூட்டி, கெயினை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். தட்டும்போது சிணுங்கல் ஒவ்வொரு முறையும் வேறு அதிர்வெண்ணில் வந்தால் ட்யூனிங்கை நிறுத்துங்கள்: பசை விட்டிருக்கிறது அல்லது திருகு தளர்ந்திருக்கிறது.

ட்யூனிங் முடிந்ததும் ஓட்டப்போகும் உண்மையான அலையை அரை மணி நேரம் ஓட்டி மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அசைவையோ வேகத்தையோ குறையுங்கள்.

பீம் எக்ஸ்பாண்டர்

கற்றையைத் தடிப்பாக்கும் லென்ஸ் ஜோடி இது. −25 மி.மீ. லென்ஸ் முன்னே, +150 மி.மீ. லென்ஸ் பின்னே, இடைவெளி 125 மி.மீ. பெருக்கம் ஆறு. நடுவில் குவியும் புள்ளி இல்லாத இந்தக் கலிலியோ அமைப்பு நீளமும் குறைவு, தூசியை எரிக்கும் இடமும் இல்லை. +150 லென்ஸ் ஒரு பக்கம் தட்டையானதாக இருந்தால் குவிந்த பக்கம் ஸ்கேனரைப் பார்க்கட்டும். திருப்பி வைத்தால் கோளப்பிறழ்ச்சி கூடும். பல நிற லேசருக்கு, நிறப்பிறழ்ச்சியைத் திருத்தும் இரட்டை அக்ரோமேட் லென்ஸ் வாங்காமல் முடியாது.

கற்றை இணையாக இருக்கிறதா என்று 1 மீட்டரில் ஒரு முறையும் 20 மீட்டரில் ஒரு முறையும் விட்டத்தை அளந்து, இரண்டும் சமமாகும் வரை லென்ஸ் இடைவெளியை நகர்த்துங்கள். பிறகு எக்ஸ், ஒய் இரண்டையும் நான்கு மூலைகளுக்கும் ஓட்டி, கற்றை எங்கும் விளிம்பைத் தொடவில்லை என்று இருட்டில் பாருங்கள். விளிம்பில் மினுங்கல் தெரிந்தால் வெட்டுப்படுகிறது.

பெரிய லேசரைப் போடுவதற்கு முன்

தொடர் ஒளி லேசர்களில் 5 முதல் 500 மில்லிவாட் வரை பாதுகாப்பு வகைப்பாட்டில் 3பி வகுப்பு, அதற்கு மேல் வகுப்பு 4. இந்தக் கருவியில் கூடுதலாக ஓர் ஆபத்து இருக்கிறது. கற்றை தடித்ததால் அருகில் செறிவு குறைவாகத் தெரியும், ஆனால் அது வெகுதூரம் குறையாமலே போகும். கண் இமைக்கும் கால் வினாடிக்கான வரம்பு சதுர மீட்டருக்கு 25 வாட். 1 வாட் பச்சை லேசர் நின்ற நிலையில் அந்த வரம்புக்கு இறங்க, சராசரிச் செறிவின்படி, 2.2 மி.மீ. கற்றைக்கு 700 மீட்டருக்குச் சற்று மேல் தேவை. 13.2 மி.மீ. கற்றைக்கு நான்கு கிலோமீட்டருக்கு மேல். பால்கனியிலிருந்து தொலைவில் தெரியும் சுவரில் அடித்துப் பார்க்கலாம் என்று நினைக்கவே கூடாது. வானத்தை நோக்கித் திருப்புவதும் அப்படித்தான்: விமானிக்கு அது கண்ணை மறைக்கும்.

கண்ணாடி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒளி பரவலாக இருக்கும், நின்றுவிட்டால் முழு சக்தியும் ஒரே இடத்தில். இரு அச்சின் கோண உணரி வெளியீட்டையும் கவனித்து, அசைவு நின்றதும் சில மில்லிவினாடிகளில் லேசரை அணைக்கும் சுற்று இல்லாமல் 3பி, 4 வகுப்பு லேசரை இதில் போடாதீர்கள். அந்தச் சுற்றைச் சோதிக்க, லேசருக்குப் பதில் ஒரு எல்இடியை மாட்டி, ஓட்டத்தின் நடுவே உள்ளீட்டுக் கம்பியைப் பிடுங்குங்கள். எல்இடி உடனே அணைய வேண்டும். பிறகு ட்ரைவரின் மின்சாரத்தையே எடுத்தும் சோதியுங்கள். இரண்டிலும் அணைந்தால்தான் அடுத்த படி.

படத்தின் வளைவு, பராமரிப்பு

சதுரம் வரையச் சொன்னால் பக்கங்கள் உள்நோக்கி வளைந்து வரும். இரண்டு கண்ணாடிகளும் வேறு வேறு இடத்தில் இருப்பதும், தட்டைத் திரையில் கோணத்தின் டேன்ஜென்டாக தூரம் கூடுவதும் இதற்குக் காரணம். ட்யூனிங்கால் சரியாகாது. மென்பொருளில் 9 × 9 கட்டம் வரைந்து, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தள்ளி விழுகிறது என்று அளந்து திருத்த அட்டவணையில் போடுங்கள். இயங்கி அரை மணி நேரமான பிறகு அளந்த எண்களையே பயன்படுத்துங்கள், குளிர்ந்த மோட்டாரில் உணரி சற்று வேறு கோணம் சொல்லும்.

கண்ணாடியைத் துணியால் துடைக்காதீர்கள். ரப்பர்ப் பந்து ஊதியால் தூசியை ஊதுங்கள். கறை இருந்தால் மட்டும் லென்ஸ் தாளில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு, தாளைக் கண்ணாடிமேல் படிய வைத்து, அழுத்தாமல் ஒரே இழுப்பில் எடுங்கள். பிடிப்பான் திருகுகளை முதல் பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு ஒரு முறை சரிபாருங்கள். அந்த நேரத்தில்தான் அவை பெரும்பாலும் தளரும்.